பணம் கட்டும் முன்: போட்டோ எடிட்டிங் குறித்து வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்று வாங்கியிருக்கிறேன். லேப்டாப்பில் 8 ஜிபி ரேம். இதுவரை எடிட்டிங் செய்ததே இல்லை, செலவழிக்கவும் வசதியில்லை. எந்த மென்பொருளில் தொடங்கலாம்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: எடிட்டிங் என்ற ஒரே பெயரில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. எடுத்த படத்தின் வெளிச்சம், நிறம், சாய்வு, கிராப் ஆகியவற்றைச் சரிசெய்வது ஒன்று. ஆளை வெட்டி எடுப்பது, பின்னணி மாற்றுவது, எழுத்து சேர்ப்பது, கிழிந்த படத்தை ஒட்டுவது இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனி மென்பொருள் இருப்பதுதான் வசதி. இது தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் செய்ய முயல்வதால்தான் புதியவர்கள் சீக்கிரம் சலித்துப்போகிறார்கள்.

முதல் வேலைக்கு, கேமரா தயாரித்த நிறுவனமே இலவசமாகத் தரும் மென்பொருளைப் பலரும் கவனிப்பதில்லை. கேனானுக்கு டிஜிட்டல் போட்டோ ப்ரொஃபஷனல், நிகானுக்கு என்எக்ஸ் ஸ்டூடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ் டெஸ்க்டாப். கேனான் தளத்தில் டவுன்லோடு செய்யும்போது கேமராவின் சீரியல் எண் கேட்பார்கள். அது கேமராவின் அடிப்பக்கத்தில் இருக்கும். கேமராவில் நீங்கள் வைத்திருந்த நிற அமைப்புகளை இந்த மென்பொருள்கள் அப்படியே புரிந்துகொள்ளும். அதனால் கேமரா திரையில் பார்த்த நிறத்திலிருந்தே வேலையைத் தொடங்கலாம். இது போதாது என்று தோன்றும்போது ராதெரபி அல்லது டார்க்டேபிளுக்குப் போகலாம். இரண்டும் திறமூல மென்பொருள்கள், முழுக்க இலவசம்.

இரண்டாவது வேலைக்கு ஜிம்ப். 1996 முதல் வெளிவந்துகொண்டிருக்கும் இலவச மென்பொருள் இது. 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. முன்பெல்லாம் கர்வ்ஸ் (வெளிச்சத்தைக் கோடு வளைத்துக் கூட்டிக் குறைப்பது), பிளர் (மங்கலாக்குவது) போன்றவற்றை ஒருமுறை போட்டால் படத்தோடு கலந்துவிடும். இப்போது அவை லேயரின் (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் கண்ணாடித்தாள் போன்ற அடுக்கு) மேல் தனியாக நிற்கும். மறுநாள் திறந்தும் அளவைக் கூட்டலாம், குறைக்கலாம், எடுத்துவிடலாம். பழைய 2.10 பதிப்புக்கான யூடியூப் பாடங்களைப் பார்த்துவிட்டு 'என் திரை வேறு மாதிரி இருக்கிறதே' என்று குழம்ப வேண்டாம்.

அஃபினிட்டியும் நல்ல தேர்வு. ஒரே தடவை காசு கட்டி வாங்கும் மென்பொருளாக இருந்ததை 2024இல் கேன்வா வாங்கியது. 2025 அக்டோபர் முதல் அது இலவசம். கேன்வா கணக்கு ஒன்று வேண்டும், ஏஐ வசதிகளுக்கு மட்டும் சந்தா. விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும், லினக்ஸுக்கு இல்லை. கிரிட்டாவைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அது வரைபவர்களுக்கானது, போட்டோவுக்கு அதில் தொடங்காதீர்கள்.

உங்களுக்கு எங்கள் பரிந்துரை: கேமரா நிறுவனத்தின் மென்பொருளோடு ஜிம்ப். இந்த ஜோடியை மூன்று மாதம் மாற்றாதீர்கள். கிராப், ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறச் சரிசெய்தல்), எக்ஸ்போஷர் (படத்தின் மொத்த வெளிச்சம்), கர்வ்ஸ், லேயர், லேயர் மாஸ்க் (லேயரின் ஒரு பகுதியை அழிக்காமல் மறைப்பது) என்ற வரிசையில் பழகுங்கள். லேயர் மாஸ்க் கைவந்துவிட்டால் உலகில் எந்த எடிட்டிங் மென்பொருளுக்கும் சில நாட்களில் மாறிவிடலாம்.

8 ஜிபி ரேம் தாராளம். 6000க்கு 4000 பிக்சல் படம் என்றால் 2.4 கோடி பிக்சல். 8 பிட் அளவில் ஒரு பிக்சலுக்கு மூன்று பைட், ஆக ஒரு லேயர் சுமார் 72 எம்பி. 16 பிட்டில் அதன் இரு மடங்கு. பத்து லேயர் போட்டாலும் சமாளிக்கும். பிரவுசரில் இருபது டேப் திறந்து வைத்திருந்தால்தான் திணறும்.

ஒரு எச்சரிக்கை. தேடுபொறியில் ஜிம்ப் என்று தட்டி, மேலே வரும் விளம்பரத்தைச் சொடுக்காதீர்கள். 2022இல் ஜிம்ப் தளத்தைப் போலவே தோற்றம் தந்த போலித் தளம் ஒன்று கூகுள் விளம்பரம் வழியாகவே வைரஸைப் பரப்பியது. ஜிம்ப் டாட் ஆர்க் என்ற முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள்.

கேள்வி: ரா ஃபைலில் எடுத்தால் தரம் நன்றாக இருக்கும் என்றார்கள். டார்க்டேபிளில் திறந்தால், முதலில் பளிச்சென்று தெரிந்த படம் உடனே சோபையிழந்து மங்கிவிடுகிறது. மென்பொருளில் கோளாறா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கோளாறு இல்லை. ரா ஃபைல் என்பது கேமரா சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல். ஒவ்வொரு ரா ஃபைலுக்குள்ளும் கேமராவே தயாரித்த சிறிய ஜேபெக் படம் ஒன்று இருக்கும். முதலில் தெரிவது அது. கான்ட்ராஸ்ட், நிற அடர்த்தி, கூர்மை எல்லாவற்றையும் கேமரா தன் விருப்பப்படி அதில் ஏற்றியிருக்கும். டார்க்டேபிள் சென்சார் பதிந்த எண்களைப் படிக்கத் தொடங்கியதும் அந்த ஒப்பனை விலகிவிடுகிறது. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். 14 பிட் ரா ஃபைலில் 16,384. நிழலில் கருத்துப்போன முகத்தை மீட்க முடிவது இந்தக் கூடுதல் படிகளால்தான்.

டார்க்டேபிளில் இந்த வரிசையைப் பின்பற்றுங்கள். முதலில் எக்ஸ்போஷர் மாட்யூலில் முகம் சரியான வெளிச்சத்துக்கு வரும்வரை ஏற்றுங்கள். வானம் வெளுத்தால் அப்போதைக்குக் கவலைப்பட வேண்டாம். அடுத்து ஃபில்மிக் ஆர்ஜிபி அல்லது சிக்மாய்ட் மாட்யூலில் வெளுத்த பகுதியை அடக்குங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டால் படம் தட்டையாகி நிறம் கெடும். ஏதாவது ஒன்று மட்டுமே. பிறகு கலர் பேலன்ஸ் ஆர்ஜிபியில் நிற அடர்த்தியைக் கொஞ்சம் கூட்டுங்கள், லோக்கல் கான்ட்ராஸ்ட்டைப் போடுங்கள். படத்தின் பளிச் பெரும்பாலும் இந்த இரண்டிலிருந்துதான் திரும்பி வரும். ஒயிட் பேலன்ஸை மாற்ற கலர் கேலிப்ரேஷன் மாட்யூலைப் பயன்படுத்துங்கள். ஒயிட் பேலன்ஸ் என்ற பெயரிலேயே இருக்கும் இன்னொரு மாட்யூலையும் சேர்த்து அசைத்தால் இரண்டும் மோதி, தோல் நிறம் பச்சையாகவோ ஊதாவாகவோ போகும்.

இவ்வளவு பொறுமை இப்போது இல்லையென்றால் ராதெரபியில் திறங்கள். உள்ளே இருக்கும் ஜேபெக்கைப் பார்த்து, அதற்கு ஈடான டோன் கர்வை அதுவே போட்டுத் தரும். புதியவர்களுக்கு அந்தத் தொடக்கம் பெரிய நிம்மதி.

இரண்டு மென்பொருளும் மூல ஃபைலைத் தொடுவதில்லை. டார்க்டேபிள் உங்கள் மாற்றங்களை எக்ஸ்எம்பி என்ற சிறு ஃபைலிலும், ராதெரபி பிபி3 என்ற ஃபைலிலும் பக்கத்திலேயே எழுதிவைக்கும். விண்டோஸ் ஃபோல்டரில் போய் படத்தின் பெயரை மட்டும் மாற்றினால் அந்த இணைப்பு அறுந்து, செய்த வேலை எல்லாம் காணாமல் போனதுபோல் தெரியும். ஃபோல்டரை இடம் மாற்றினால் அந்தச் சிறு ஃபைல்களையும் சேர்த்தே நகர்த்துங்கள்.

கேள்வி: ஜிம்ப்பில் பிரஷ்ஷைத் தேய்த்தால் சில நேரம் ஒன்றுமே ஆவதில்லை. அழித்தால் பின்னணி போவதற்குப் பதில் வெள்ளைதான் வருகிறது. சேவ் செய்த படம் போனிலும் திறக்கவில்லை.
– வாசகர், விழுப்புரம்

பதில்: மூன்றுக்கும் மூன்று காரணங்கள். எங்கோ ஒரு மூலையில், முன்பு தேர்ந்து குறித்த பகுதியாகிய பழைய செலக்‌ஷன் மிச்சமிருந்தால், அதற்கு வெளியே எந்தக் கருவியும் வேலை செய்யாது. கண்ட்ரோல், ஷிப்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் செலக்‌ஷன் நீங்கும். அப்போதும் சரியாகவில்லை என்றால் வலப்பக்க லேயர் பட்டியலைப் பாருங்கள். வேறொரு லேயர் தேர்வாகியிருக்கும்.

ஜேபெக் படத்துக்குள் 'இந்த இடம் காலி' என்ற தகவலே கிடையாது. எனவே அழிப்பான் பின்னணி நிறத்தைப் பூசுகிறது. லேயர் மெனுவில் டிரான்ஸ்பரன்சி, அதற்குள் ஆட் ஆல்ஃபா சேனல் கொடுத்துவிட்டு அழித்துப் பாருங்கள், கட்டம்போட்ட காலியிடம் தெரியும். இன்னும் நல்ல வழி, அழிக்காமல் லேயர் மாஸ்க் போட்டுக் கறுப்பு பிரஷ்ஷால் மறைப்பது. தவறினால் வெள்ளை பிரஷ்ஷால் திரும்பக் கொண்டுவரலாம்.

சேவ் என்பது ஜிம்ப்புக்கே உரிய எக்ஸ்சிஎஃப் ஃபைலாக, லேயர்களோடு பதியும். அதை போன் திறக்காது. போனுக்கு அனுப்ப, ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆஸ் கொடுத்து ஜேபெக் ஆக்குங்கள். காலியிடம் அப்படியே வேண்டுமென்றால் பிஎன்ஜி. எக்ஸ்சிஎஃப் ஃபைலை அழித்துவிடாதீர்கள். ஜேபெக்கைத் திறந்து, திருத்தி, மறுபடி ஜேபெக்காகவே பதியும் ஒவ்வொரு முறையும் தரம் குறையும்.

கேள்வி: அழைப்பிதழ் படத்தில் தமிழ் எழுத்து சேர்த்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று உடைகிறது. எந்த மென்பொருளில் தமிழ் சரியாக வரும்?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: யூனிகோடில் 'கெ' என்பது முதலில் க, பிறகு ஒற்றைக்கொம்பு என்றே பதிவாகிறது. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவருவது மென்பொருளின் பொறுப்பு. அது தெரியாத மென்பொருளில் கொம்பு பின்னால் விழும், சில நேரம் புள்ளி வட்டத்தோடு. ஜிம்ப்பில் இந்தச் சிக்கல் இல்லை. பழைய ஃபோட்டோஷாப் பதிப்பு என்றால் ப்ரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய், தென்னாசிய எழுத்துகளுக்கான எஞ்சினைத் தேர்ந்துகொண்டு மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். எந்த மென்பொருளையும் முடிவு செய்யும் முன் 'கொடை, கௌரி, ஸ்ரீ, பெண்ணை' என்று தட்டிப் பாருங்கள். நான்கும் சரியாக விழுந்தால் மற்றவையும் விழும்.

சிக்கலுள்ள மென்பொருளையே பயன்படுத்தியாக வேண்டும் என்றால், எழுத்தை மட்டும் ஜிம்ப்பில் அடித்து, பின்னணி இல்லாத பிஎன்ஜியாக எடுத்து அங்கே ஒட்டலாம். தேவையான அளவைவிடப் பெரிதாக எடுங்கள். பிறகு சுருக்கினால் கூர்மை போகாது, பெருக்கினால் போகும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை விட்டுவிடச் சொல்வோம். அவற்றின் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளின் குறியீடுகள். போனில் அடித்த யூனிகோட் தமிழை ஒட்டினால் அவை ஏற்காது. முக்த மலர், கேட்டமரான், பவனம், மீரா இனிமை, நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். அழைப்பிதழ் தொழிலுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

கேள்வி: நண்பர் ஃபோட்டோஷாப் கிராக் பதிப்பைப் பென்டிரைவில் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யச் சொல்லும் எதுவும் உங்கள் கணினியின் சாவியைக் கேட்கிறது என்று பொருள். பிரவுசரில் சேமித்த பேங்க் பாஸ்வேர்டும் அதே கணினியில்தான் இருக்கிறது. ஃபோட்டோஷாப்பின் அமைப்பே உங்களுக்குப் பழக வேண்டும் என்றால் பிரவுசரில் ஃபோட்டோபியாவைத் திறங்கள். மெனுக்களும் குறுக்குவிசைகளும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைலையும் லேயர்களோடு திறக்கும். படம் இணையத்தில் ஏறாமல் உங்கள் கணினியிலேயே வேலை நடக்கிறது. பக்கவாட்டில் விளம்பரம் வரும், அவ்வளவுதான். 4 ஜிபி ரேம் உள்ள கணினியிலும் சுமாரான அளவுப் படங்களுக்கு ஓடும்.

கேள்வி: கல்யாண ஆர்டர் இப்போதுதான் வரத் தொடங்கியிருக்கிறது. லைட்ரூம் சந்தா எடுக்கலாமா, காசு வீணாகுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஒரு நிகழ்ச்சிக்கு ஆயிரக்கணக்கான படங்கள், அதில் சில நூறைத் தேர்ந்து ஒரே நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்ற நிலை வந்துவிட்டால் லைட்ரூமுக்குக் கட்டும் பணத்தை நேரமாகத் திரும்பப் பெறலாம். அதுவரை தேவையில்லை. டார்க்டேபிளிலும் ஒரு படத்தில் செய்ததை நகலெடுத்து நூறு படத்துக்கு ஒட்ட முடியும். முதலில் ஒரு முழு ஆர்டரை அதில் முடித்துப் பாருங்கள்.

சந்தா எடுத்தால் எந்தத் திட்டம் என்பதைக் கூர்ந்து படியுங்கள். லைட்ரூமை விற்கும் அடோபி நிறுவனத்தில் மாதாமாதம் கட்டும் ஆண்டுத் திட்டம் ஒன்று இருக்கிறது. பார்க்க மாதச் சந்தா போலவே இருக்கும், ஒப்பந்தம் ஓராண்டுக்கு. 14 நாட்களுக்குள் ரத்து செய்தால் முழுப் பணமும் வரும். அதன்பின் ரத்து செய்தால் மீதமுள்ள தொகையில் பாதியைக் கட்டணமாகக் கேட்பார்கள். இந்த நிபந்தனையைத் தெளிவாகக் காட்டவில்லை என்று 2024 ஜூனில் அமெரிக்க அரசே வழக்குத் தொடுத்தது. சந்தா முடிந்த பிறகு லைட்ரூம் கிளாசிக்கில் படங்களைப் பார்க்கலாம், எக்ஸ்போர்ட் செய்யலாம். திருத்தும் டெவலப் பகுதி பூட்டிக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு ஆர்டர் முடிந்ததும் முழு அளவு ஜேபெக்குகளைத் தனியாக எடுத்து வையுங்கள்.

கடைகளில் ஃபோட்டோஷாப் எலிமென்ட்ஸ் கிடைத்தால், 2025 பதிப்பிலிருந்து அது மூன்றாண்டு உரிமம் மட்டுமே என்பதையும் நினைவில் வையுங்கள். ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் என்றிருந்த காலம் அதில் முடிந்துவிட்டது.

கேள்வி: தாத்தா பாட்டியின் கல்யாணப் படம் ஒன்று இருக்கிறது. இரண்டுக்கு மூன்று அங்குலம்தான், நடுவில் மடிப்புக் கோடு. பெரிதாக்கி மாட்ட ஆசை. நானே செய்ய முடியுமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: தாராளமாக முடியும். இதற்கு ஜிம்ப் போதும்; பொறுமைதான் நிறைய வேண்டும்.

பாதி வெற்றி ஸ்கேனில் இருக்கிறது. போனில் படம் பிடித்தால் பளபளப்பும் சாய்வும் சேர்ந்துவிடும். 600 டிபிஐயில் (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் 1200க்கு 1800 பிக்சல் கிடைக்கும். அது 4க்கு 6 அங்குலப் பிரிண்டுக்குச் சரி. 8க்கு 12 அங்குலம் வேண்டுமென்றால் 1200 டிபிஐ தேவை. கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலரில் ஸ்கேன் செய்து டிஃப் ஃபைலாகப் பதியச் சொல்லுங்கள். மஞ்சள் கறை ஒரு நிறச் சேனலில் அதிகமாகவும் இன்னொன்றில் குறைவாகவும் தெரியும். கறை குறைந்த சேனலை மட்டும் எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு கலர் ஸ்கேனில்தான் உண்டு. ஸ்கேனரின் ஷார்ப்பன் வசதியை அணைத்துவிடுங்கள், தூசியையும் கீறலையும் அது கூர்மையாக்கும்.

ஜிம்ப்பில் காலியான புது லேயர் ஒன்றைச் சேர்த்து, ஹீல் கருவியை எடுத்து, அதன் அமைப்பில் சாம்பிள் மெர்ஜ்ட் என்பதை டிக் செய்யுங்கள். கீழே இருக்கும் மூலப்படம் கெடாது. கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு நல்ல இடத்தைச் சொடுக்கி, பிறகு கீறலின் மேல் சின்னச் சின்னத் தொடுதல்களாக வையுங்கள். பிரஷ் கீறலைவிடக் கொஞ்சமே பெரிதாக இருக்கட்டும். நீளமாக இழுத்தால் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மடிப்புக் கோடு வேட்டிக் கரை, தலைமுடி ஓரம் போன்ற எல்லையைக் கடக்கும் இடத்தில் ஹீல் கருவி அழுக்குப்போல் ஈஷும். சுற்றியுள்ள நிறத்தோடு கலப்பது அதன் இயல்பு. பக்கத்தில் கறுப்பு இருந்தால் அதையும் இழுத்துவரும். அங்கே குளோன் கருவிக்கு மாறுங்கள், அது அப்படியே நகலெடுக்கும். முகத்தைக் கடைசியில் தொடுங்கள். கண், மூக்கு, உதடு ஆகியவற்றில் மடிப்பு விழுந்திருந்தால் மிகக் குறைவாகவே திருத்துங்கள். முகத்தைத் தெளிவாக்கித் தரும் ஏஐ செயலிகள் இல்லாத விவரத்தைத் தானே கற்பனை செய்து வரைகின்றன. பளிச்சென்று இருக்கும், உங்கள் தாத்தாவின் முகமாக இருக்காது.

வீட்டில் பழைய கலர் படங்களும் சிவந்துபோய்க் கிடக்கலாம். இருட்டில் வைத்திருந்தாலும் சயான் சாயம் முதலில் மங்குவதால் வரும் சிவப்பு அது. கலர்ஸ் மெனுவில் லெவல்ஸைத் திறந்து, சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் இரு ஓர முக்கோணங்களை வரைபடம் தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் நகர்த்துங்கள். பெரும்பகுதி சரியாகிவிடும்.

கேள்வி: திரையில் அழகாக இருக்கும் படம் பிரிண்டில் இருட்டாக வருகிறது. ஓரத்தில் நிற்பவர் தலையும் வெட்டுப்படுகிறது.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: திரையின் வெளிச்சம் முழுதாக வைத்திருப்பீர்கள். அறை வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையின் வெள்ளையும் தாளின் வெள்ளையும் ஒத்துப்போகும் வரை குறைத்துவிட்டு எடிட் செய்யுங்கள். எக்ஸ்போர்ட்டில் நிற அமைப்பு எஸ்ஆர்ஜிபி என்று இருக்கட்டும்; அடோபி ஆர்ஜிபியில் கொடுத்தால் பல பிரிண்ட் லேப்களில் நிறம் செத்து வரும். 'கரெக்‌ஷன் போட வேண்டாம்' என்று லேப்பில் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அவர்கள் இயந்திரம் தன் கணக்குக்கு மாற்றும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

தலை வெட்டுப்படக் காரணம் விகிதம். போன் படம் 4க்கு 3, பிரிண்ட் 6க்கு 4. 4000க்கு 3000 பிக்சல் படத்தில் 333 வரிசைகள் போய்த்தான் ஆக வேண்டும். எதை வெட்டுவது என்பதை லேப்பிடம் விடாமல் நீங்களே 3:2 விகிதத்தில் கிராப் செய்து கொடுங்கள்.

கேள்வி: தேர்வு விண்ணப்பத்துக்குப் படம் 20 முதல் 50 கேபிக்குள் வேண்டுமாம். குறைத்தால் முகம் கட்டம் கட்டமாகிவிடுகிறது.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: பிக்சலைக் குறைக்காமல் தரத்தை மட்டும் குறைத்திருப்பீர்கள். ஜிம்ப்பில் கிராப் கருவியின் விகிதத்தை 35:45 என்று பூட்டி வெட்டுங்கள். இமேஜ் மெனுவில் ஸ்கேல் இமேஜ் திறந்து அகலம் 413, உயரம் 531 கொடுங்கள். 300 டிபிஐயில் 35க்கு 45 மில்லிமீட்டர் பாஸ்போர்ட் அளவு அதுதான். விண்ணப்பத்தில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதைப் போடுங்கள். எக்ஸ்போர்ட் ஆஸ் கொடுத்து, ஜேபெக் பெட்டியில் முன்னோட்டம் காட்டும் கட்டத்தை டிக் செய்தால் ஃபைல் அளவு அங்கேயே தெரியும். தரத்தை 90இலிருந்து மெல்ல இறக்கி, 45 கேபி பக்கம் வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

இதே அளவில் 4க்கு 6 அங்குலத் தாளில் எட்டுப் படம் அடங்கும்: அகலவாக்கில் நான்கு, இரண்டு வரிசை. 1800க்கு 1200 பிக்சல் வெள்ளைத் தாளில் நீங்களே அடுக்கிக் கொடுத்தால் ஒரே ஒரு பிரிண்டுக்கான காசுதான் ஆகும்.

கேள்வி: கணினியே இல்லை. போன் மட்டும்தான்.
– வாசகி, ராமநாதபுரம்

பதில்: ஸ்னாப்சீட் போதும். இலவசம், விளம்பரமும் கிடையாது. அதில் செலக்டிவ் கருவியை முதலில் பழகுங்கள்: முகத்தில் ஒரு புள்ளி வைத்து, இரு விரலால் வட்டத்தைச் சுருக்கி, வெளிச்சத்தை ஏற்றினால் முகம் மட்டும் தெளியும். கோபுரம் பின்னால் சாய்ந்ததுபோல் இருந்தால் பர்ஸ்பெக்டிவ் கருவி நிமிர்த்தும். வியூ எடிட்ஸ் பகுதியில் முன்பு செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் திறந்து திருத்தலாம், விரலால் தேய்த்துப் படத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் போடலாம். செட்டிங்ஸில் ஜேபெக் தரத்தை 100க்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.